பரண் பதில்கள்: எம்டன் வருஷத்துத் துப்பாக்கி

பித்தளைக் கூஜா, பர்மா தேக்குப் பெட்டி, சாவி தொலைந்த சுவர்க்கடிகாரம் என்று சமாதானமாகப் போய்க்கொண்டிருந்த பகுதி இது. இரண்டு மாதத்துக்கு முன்னால், பட்டாளத்தில் நான் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவனாக இருந்தவன் என்று பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதன் வினை, இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துப்பாக்கி. உறையைப் பிரித்துப் படங்களை மேசையில் பரப்பியதும் என் வீட்டம்மா காபி டம்ளரோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

இருபத்திரண்டு வருஷம் துப்பாக்கி பிரித்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு தண்டையார்பேட்டையில் தையல் மிஷின் பிரித்துப் பூட்டுகிறேன். இரண்டும் அப்படியொன்றும் தூரத்து உறவு இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் என்ஃபீல்டு ரிவால்வருக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்ததில் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஊரிலிருந்த சிங்கர் தையல் மிஷின் கம்பெனியும் உண்டு.

கேள்வி: ஐயா, எங்கள் வீடு ராயபுரம் கல்மண்டபம் பக்கம். தாத்தா காலமாகி ஆறு வருஷமாகிறது. இந்தப் போகிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய டிரங்குப் பெட்டிக்கு அடியில் மெழுகுத்துணி சுற்றிய ரிவால்வர் ஒன்று கிடைத்தது. கூடவே ஒரு பழைய டப்பாவில் ஐந்து தோட்டா. இது தாத்தாவின் அப்பாவுடையது, ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு போட்ட ராத்திரி எண்ணெய் டாங்கியில் வாட்ச்மேனாக இருந்தவருக்கு ஒரு வெள்ளைக்காரர் கொடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கு ஏற்ற மாதிரி குழலின் மேல் எழுத்துகளின் கடைசியில் 14 என்று இருக்கிறது. தெருவில் பேச்சு வேறு மாதிரி. ஹார்பரில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்த தாத்தா யுத்த சமயத்தில் கப்பலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது என்பார்கள். மாமா இது வெப்லி என்ற இங்கிலீஷ் கம்பெனி ரிவால்வர் என்கிறார். துரு போகட்டும் என்று தம்பி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான், பாதியில் பிடுங்கி வைத்துவிட்டேன். எழுத்துகளையெல்லாம் பட்டர் பேப்பரில் பென்சிலால் தேய்த்து எடுத்து அனுப்பியிருக்கிறேன். கைப்பிடிக்கு மேலே கோழிக்கால் மாதிரி ஒரு குறி, அதன் கீழே ஒற்றைக் கோடு. பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி ஒன்று. கைப்பிடியின் அடியில் இங்கிலீஷ் ‘வி’யும் ஆறு இலக்க எண்ணும். தோட்டா போடும் சிலிண்டரின் பின்பக்கத்தில் இருக்கும் எண் வேறு. கைப்பிடிக் கட்டையில் மூன்று வெட்டு இருக்கிறது, மூன்று பேரைச் சுட்ட கணக்கு என்கிறான் தம்பி. இது எந்த வருஷத்துத் துப்பாக்கி? எங்கள் தாத்தா திருடினாரா?
பின்குறிப்பு: பெட்டியில் பூச்சி அரித்த சின்னப் புத்தகம் ஒன்றும் இருந்தது. தாத்தா பெயரும் 1951 என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பும் தெரிகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

பதில்: அம்மா, அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த வரியைப் படிக்கும்போது அது குப்பைக் கூடையில் இருந்தால், முதலில் போய் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

எடுத்து வைத்தாயிற்றா? சரி. பென்சிலால் தேய்த்து அனுப்பியதற்காக உங்களுக்கு ஒரு கும்பிடு. பள்ளிக்கூடத்தில் காலணாவின் மேல் காகிதத்தை வைத்துத் தேய்ப்போமே, அதே வேலைதான். இரும்பில் வெட்டிய எழுத்தைப் படம் பிடித்தால் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போய் மூன்று எட்டாகும், ஒன்று ஏழாகும். பென்சில் அப்படி ஏமாற்றாது. உங்கள் மாமா அதைப் பார்த்திருந்தால் வெப்லி என்று சொல்லியிருக்க மாட்டார்.

உண்மையில் எழுத்து வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. தோட்டா இல்லை என்று காட்ட சிலிண்டரைத் திறந்து ஒரு படம் அனுப்பினீர்களே, விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. பட்டாளத்து வெப்லியானாலும் என்ஃபீல்டானாலும், திறந்தால் இடுப்பு ஒடியும். மேலே இருக்கும் கொக்கியைத் தள்ளினால் குழல் முழுசும் சிலிண்டரோடு சேர்ந்து முன்னால் மடிந்து தொங்கும். உங்களுடையதில் குழல் அசையவில்லை. சிலிண்டர் மட்டும் இடப்பக்கம் அலமாரிக் கதவு மாதிரி வெளியே வந்திருக்கிறது. அது அமெரிக்கப் பழக்கம். நம் ஊரில் பழைய ரிவால்வர் எதைப் பார்த்தாலும் வெப்லி என்பது, வனஸ்பதி எதுவானாலும் டால்டா என்கிற மாதிரி.

உங்கள் முதல் தாள் அதை உறுதி செய்கிறது. குழலின் முதுகில் ஸ்மித் அண்ட் வெசன், ஸ்பிரிங்ஃபீல்டு, மாசசூசெட்ஸ் என்று ஊரும் பேரும். அடுத்து ‘பேட்டண்டட்’ என்ற சொல், அதன் பின்னால் மூன்று தேதி: பிப்ரவரி 6, 06. செப்டம்பர் 14, 09. டிசம்பர் 29, 14. உங்கள் குடும்பத்தின் 14 இதுதான். இது துப்பாக்கி பிறந்த நாள் இல்லை. உள்ளே இருக்கும் பொறியமைப்புகளுக்கு அந்தக் கம்பெனி காப்புரிமை வாங்கிய நாட்கள். அதே மூன்று தேதியைப் பல வருஷம் குத்திக்கொண்டே இருந்தார்கள். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் பார்க்காமல் லைசென்ஸ் எண்ணைப் பார்த்து மிரண்ட கதைதான் இது.

எம்டன் கதைக்கு வருவோம். எம்டன் சென்னையைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. பர்மா ஆயில் கம்பெனி டாங்கிகள் எரிந்தன, ஊர் பாதி காலியாயிற்று, ‘அவன் எம்டன்டா’ என்று பேச்சு வழக்கே வந்துவிட்டது. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே அடி வாங்கித் தரை தட்டியதோடு அந்தக் கப்பலின் ஆட்டம் முடிந்தது. உங்கள் துப்பாக்கியில் இருக்கும் கடைசிக் காப்புரிமை அதற்கும் ஐம்பது நாள் கழித்து வந்தது. அந்த ராத்திரி உங்கள் கொள்ளுத்தாத்தா டாங்கியடியில் நின்றிருக்கலாம், ஒரு துரை அவருக்கு எதையாவது கொடுத்தும் இருக்கலாம். ஆனால் அது இந்தத் துப்பாக்கியாக இருக்க முடியாது.

பிறந்த வருஷத்தைச் சொல்வது அடியில் இருக்கும் ‘வி’. அந்தக் கம்பெனியின் இந்த ரக ரிவால்வருக்கான எண்வரிசை 1942-ன் முற்பகுதியில் பத்து லட்சத்தைத் தொட்டது. அதற்குமேல் எண் நீளாமல் ‘வி’ என்ற எழுத்தைச் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். ‘விக்டரி’ என்பதன் முதல் எழுத்து. இந்த ரகத்துக்கே விக்டரி மாடல் என்று பேர் நிலைத்துவிட்டது. 1944 கடைசிவாக்கில் ‘வி’யோடு ‘எஸ்’ஸும் சேர்ந்தது. உங்களுடையது வெறும் ‘வி’, எண் மூன்று லட்சத்துச் சொச்சம். அந்த ஓட்டத்தில் பாதிக்குச் சற்று முன்னால். 1943 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு எண்ணையும் எழுதியிருக்கிறீர்கள், நான் வேண்டுமென்றே அச்சில் கொடுக்கவில்லை.

மற்ற அடையாளங்களும் அந்த வருஷத்துக்கே சாட்சி. பளபளப்பு இல்லாத சிலேட்டுப் பலகை நிறம், கட்டமோ பூவோ வெட்டாத வழவழக் கட்டை, அடியில் ஒரு இரும்பு வளையம். சண்டைக்கு அவசரமாகச் செய்ததில் அலங்காரம் இருக்காது. தையல் டேப்பை வைத்துக் குழலை அளந்து 5 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது நல்ல வேலை. அமெரிக்கா தன் ஆட்களுக்கு வைத்துக்கொண்டது பெரும்பாலும் 4 அங்குலக் குழல். பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு அனுப்பியதுதான் 5 அங்குலம், அதுவும் பிரிட்டிஷ்காரர்களின் .380 அங்குலத் தோட்டா போகிற மாதிரி.

இப்போது உங்கள் தம்பி தேய்த்த இடம். சிலிண்டருக்கு மேலே ஓடும் பட்டையில் நீங்கள் எடுத்த நான்காவது தாளில் ‘...டெட் ஸ்டேட்... பிராப்ப...’ என்று மட்டும் வந்திருக்கிறது. மீதி உப்புத்தாளோடு போயிற்று. முழு வாசகம் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் பிராப்பர்ட்டி’, அதாவது அமெரிக்க சர்க்காரின் சொத்து. 1941 மார்ச்சில் அமெரிக்கா லெண்ட் லீஸ் என்று ஒரு சட்டம் போட்டு, காசு வாங்காமல் பிரிட்டனுக்கு ஆயுதம் இரவல் கொடுக்க ஆரம்பித்தது. கல்யாண வீட்டுக்கு அண்டா இரவல் கொடுத்தால் நம் வீட்டுப் பேர் வெட்டித்தானே கொடுப்போம்? அந்தப் பேர்தான் இது.

அண்டாவில் இரண்டாவது பேர் வெட்டினது பிரிட்டிஷ் சர்க்கார். நீங்கள் கோழிக்கால் என்று எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் யூனிட்டில் எங்கள் பக்கத்துப் பையன்களும் அதை அப்படித்தான் சொல்வார்கள். அது அகல அம்பு. பிரிட்டிஷ் சர்க்கார் சாமான் என்பதற்கு நூற்றாண்டுகளாகப் போடும் குறி. பீரங்கியிலிருந்து கரண்டிவரை போட்டார்கள், அந்நாளில் அவர்களுடைய ஜெயில் கைதிகளின் சட்டையிலும் போட்டார்கள். அம்புக்குக் கீழே நீங்கள் கோடு என்று நினைத்தது கோடு இல்லை, இங்கிலீஷ் எழுத்து ‘ஐ’. இந்தியாவின் முதலெழுத்து. அம்பைச் சுற்றி ‘சி’ இருந்தால் கனடா. அம்புக்கு இரண்டு பக்கமும் ‘டி’ இருந்தால் ஆஸ்திரேலியா. உங்கள் ரிவால்வர் இந்திய சர்க்கார் கணக்கில் ஏறியிருக்கிறது.

நட்சத்திரம்தான் இந்தக் கடிதத்தில் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தேன். ஐந்து முனையா ஆறு முனையா என்று எண்ணினேன். ஆறு. அது நட்சத்திரமே இல்லை. இரண்டு கோழிக்கால்கள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு அம்பு மேலிருந்து, ஒரு அம்பு கீழிருந்து. சர்க்கார் தன் கணக்கிலிருந்து கழித்து விற்ற சாமானுக்கு அடிக்கும் குறி அது. இனி இது எங்கள் சொத்தில்லை என்று சர்க்காரே கையெழுத்துப் போட்ட மாதிரி.

கப்பலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த துப்பாக்கியில் இந்தியாவின் ‘ஐ’யும் இருக்காது, விற்ற முத்திரையும் இருக்காது. உங்கள் தெருக்காரர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம். ஆனால் விற்றது யாருக்கு என்று குறி சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது நீங்கள் தூக்கிப் போடப் பார்த்த புத்தகம். 1951 ஸ்டாம்ப் என்றால் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருந்த காலத்து லைசென்ஸ். உள்ளே .38 என்றோ .380 என்றோ இருக்கிறதா, எண் இருக்கிறதா, பக்கம் பக்கமாகப் பாருங்கள். பூச்சி தின்ற பக்கங்களை ஒட்ட வேண்டாம், இரண்டு கண்ணாடித்தாள் உறைகளுக்கு நடுவில் வைத்துப் படம் எடுங்கள்.

சிலிண்டரில் எண் வேறாக இருப்பதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். என்னை மாதிரி ஒருவன் செய்த வேலை அது. ஒரே நாளில் பன்னிரண்டு ரிவால்வரைப் பிரித்து, சிலிண்டர்களையெல்லாம் ஒரே மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கழுவி, எண் பார்க்காமல் பூட்டிவிட்டேன் ஒரு தடவை. சுபேதார் சாயங்காலம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸில் சாப்பாடு முடிகிற வரைக்கும் நான் பட்டறையிலேயே இருந்தேன். அந்தப் பன்னிரண்டும் சரியாயிற்று. எத்தனையோ பட்டறையில் சரியாகாமலே போனது உண்டு. இந்த ரகத்தில் கைப்பிடி அடியில், சிலிண்டர் பின்னால், குழலின் வயிற்றுப் பக்கம், வலது கட்டையின் உட்புறம் என்று எண் பல இடத்தில் இருக்கும். ஆனால் தயவுசெய்து கட்டையைக் கழற்றிப் பார்க்காதீர்கள்.

மூன்று வெட்டு? படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். கத்தியால் அறுத்த வெட்டு இல்லை, நசுங்கிய தழும்பு. யாரோ கைப்பிடியால் ஆணி அடித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சுவரில் பழைய காலண்டர் ஆணி மூன்று இருக்கிறதா பாருங்கள்.

டப்பாவிலிருக்கும் தோட்டாக்களின் அடியில் ‘கே’, ‘எஃப்’, நடுவில் அதே கோழிக்கால், 44 என்று வந்திருக்கிறது. பூனா பக்கத்திலிருக்கும் கிர்க்கி தொழிற்சாலை, 1944. துப்பாக்கியின் வயதும் தோட்டாவின் வயதும் எப்போதும் ஒன்றாக இருக்காது, இங்கே ஒரு வருஷம்தான் வித்தியாசம். அந்த ஐந்தையும் வெயிலில் வைக்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள், ரிவால்வருக்குள் போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள். ‘வி’ மட்டும் போட்ட ரகத்தில் கீழே விழுந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு. யுத்தத்தின்போது கப்பல் தளத்தில் ஒரு ரிவால்வர் கீழே விழுந்து வெடித்து அமெரிக்க மாலுமி ஒருவர் செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் உள்ளே குதிரையை, அதாவது தோட்டாவைத் தட்டும் சுத்தியலைத் தடுக்கும் கட்டையை மாற்றிச் செய்து ‘எஸ்’ எழுத்தைச் சேர்த்தார்கள்.

இனிச் செய்ய வேண்டியது. இந்தப் பொருள் ஒரு நாள்கூட அதிகமாக உங்கள் பரணில் இருக்கக் கூடாது. இப்போதிருக்கும் ஆயுதச் சட்டம் 1959-ல் போட்டது, 1962 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கிறது. பட்டாளத்து .380, .455 தோட்டா போகிற கைத்துப்பாக்கி நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸில் வராது, அதற்கு அனுமதி தர வேண்டியது மத்திய அரசு. லைசென்ஸ்காரர் காலமாகிவிட்டால், தாமதம் செய்யாமல் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது 21-ஆம் பிரிவு. ஆறு வருஷம் ஆகிவிட்டதே என்று பயந்துகொண்டு பக்கிங்ஹாம் கால்வாயில் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்.

ரிவால்வரைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறவும் வேண்டாம். தெரிந்த வக்கீல் ஒருவரோடு, அந்தப் புத்தகத்தையும் தாத்தாவின் இறப்புச் சான்றிதழையும் மட்டும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள். எப்போது, எப்படிக் கிடைத்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எடுக்கும்போது எண்ணும் தோட்டாக் கணக்கும் எழுதிய ரசீது வாங்காமல் விடாதீர்கள். சென்னையில் ஆயுத லைசென்ஸ் அதிகாரம் போலீஸ் கமிஷனரிடம் இருக்கிறது, வாரிசு மனு என்று ஏதாவது இருந்தால் வக்கீல் அங்கே பார்த்துக்கொள்வார். எனக்குக் கேட்டால், குடும்பத்துக்குத் துப்பாக்கி வேண்டாம், அந்த பட்டர் பேப்பர் தாள்கள் போதும். கண்ணாடி போட்டு மாட்டுங்கள். ஆணிதான் ஏற்கெனவே இருக்கிறதே.

தம்பியிடம் ஒரு வார்த்தை. புளி, எலுமிச்சை, உப்புத்தாள் மூன்றும் குத்துவிளக்குக்கு. துப்பாக்கியின் எண்ணையோ குறியையோ அழிப்பதே 8-ஆம் பிரிவில் குற்றம். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் நிலைமை வேண்டாம்.

கேள்வி: வலையில் மீனோடு ஒரு துப்பாக்கி வந்தது சார். சிப்பி ஒட்டிக் கட்டியாக இருக்கிறது. ஒரே ஒரு குழல், அதுவும் வாய் அகலம். மஞ்சளாக உலோகம் தெரிகிறது. சிலிண்டர் இல்லை. இன்னா சார் இது, ரிவால்வரா, கப்பல் பீரங்கிக் குட்டியா?
(படகு உரிமையாளர், காசிமேடு)

பதில்: குட்டி என்றீர்களே, ரசித்தேன். ரிவால்வர் இல்லை தம்பி. குழலின் வாய் நாதஸ்வரத்தின் அணசு மாதிரி விரிந்திருக்கிறது, உடம்பு பித்தளை. இது வெளிச்சக் குண்டு விடும் கைத்துப்பாக்கி. இருட்டில் சிவப்பு, பச்சை என்று வானத்தில் விட்டு ஆபத்தில் இருக்கிறோம் என்றோ இங்கே இருக்கிறோம் என்றோ கப்பலுக்குக் கப்பல் சொல்வது. எட்வர்டு வெரி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி பெயரால் ‘வெரி பிஸ்டல்’ என்பார்கள். பிரிட்டனில் வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனியும் இவற்றைச் செய்தது. குழல் விட்டம் 1 அங்குலமும் உண்டு, ஒன்றரை அங்குலமும் உண்டு. 1992-ல் வந்த எஃகு ஒரு ரூபாய்க் காசு 25 மில்லிமீட்டர், அந்த வாயில் சற்றுத் தளர்வாக நுழைந்தால் 1 அங்குல ரகம்.

ஆனால் காசை நீங்கள் நுழைத்துப் பார்க்க வேண்டாம். சிப்பியை உளியால் தட்டவும் வேண்டாம். உள்ளே ஒரு குண்டு இன்னும் இருக்கலாம். உப்புத் தண்ணீர் மருந்தை நனைத்துச் சாகடித்திருக்கும் என்று நினைத்துத் தட்டி விரலை இழந்தவனை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாளித் தண்ணீரில் அப்படியே மூழ்க வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு போலீஸுக்குச் சொல்லுங்கள். படகில் வேலை செய்யும் பசங்க யாராவது ‘சும்மா ஒரு தபா’ என்று விசையில் கை வைக்கும் முன்னால் சொல்லுங்கள்.

கேள்வி: என் தகப்பனார் 1970-களில் மூர் மார்க்கெட்டில் வாங்கி வைத்த ரிவால்வர் எங்களிடம் இருக்கிறது. கிரீடம், அதன் கீழ் வி.ஆர்., என்ஃபீல்டு, 1918 என்று எழுத்துகள். விக்டோரியா மகாராணி காலத்துப் பட்டாளத் துப்பாக்கி என்று விற்றவர் சொன்னாராம். நூறு வருஷம் தாண்டிய பொருளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று நண்பர் சொல்கிறார். என்ன விலை போகும்?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் கிடைக்காத பொருள் இல்லை, கிடைத்ததெல்லாம் சொன்ன பொருளும் இல்லை. நானே அங்கே சுவிஸ் வாட்ச் என்று வாங்கி, வீட்டுக்கு வந்து திறந்து பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறேன்.

வி.ஆர். என்றால் விக்டோரியா ராணி. அந்த அம்மையார் 1901 ஜனவரியில் காலமாகிவிட்டார். அடுத்து எட்வர்டு, 1910-லிருந்து ஐந்தாம் ஜார்ஜ். 1918-ல் எந்த பிரிட்டிஷ் தொழிற்சாலையும் செத்துப்போன ராணியின் முத்திரையை அடித்திருக்காது. ஜார்ஜ் காலத்து முத்திரை ஜி.ஆர்., இந்தியத் தொழிற்சாலைச் சாமான் என்றால் பெரும்பாலும் ஜி.ஆர்.ஐ. இரண்டாவது, என்ஃபீல்டு என்ற சொல்லில் இங்கிலீஷ் ‘என்’ எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நிற்கிறது. முத்திரைக் கட்டையில் எழுத்தைத் திருப்பி வெட்டினால்தான் இரும்பில் நேராக விழும். எழுதப் படிக்கத் தெரியாத கொல்லன் பார்த்ததைப் பார்த்தபடி நேராக வெட்டிவிடுவான், விழுவது இடம் வலமாகத் திரும்பிவிடும். பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் மாதிரி எல்லைப்புற ஊர்களில் கைராட்டினத்து அளவு பட்டறையில் இப்படி நகல் செய்வது பரம்பரைத் தொழில். கை வேலை பார்த்தால் அசந்து போவீர்கள். இரும்பு மட்டும் எதிலிருந்து உருக்கினது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதைச் சுட்டால் எதிரே நிற்பவனைவிடப் பிடித்திருப்பவனுக்கு ஆபத்து.

நூறு வருஷக் கதையை உங்கள் நண்பர் மட்டும் இல்லை, பலர் சொல்கிறார்கள். ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் பழைய ரகத்துக்கும் பழம்பொருளுக்கும் விலக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் வயதைக் காட்டினால் மட்டும் விலக்கு கிடைக்காது. ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடவே முடியாத பொருளாக இருக்க வேண்டும் என்கிறது அந்த வரி. உங்கள் படத்தில் குதிரை இழுபடுகிறது, சிலிண்டர் சுற்றுகிறது. ஒரு நல்ல ஃபிட்டர் ஒரு மதியத்தில் சுட வைத்துவிடுவார். எனவே மேலே ராயபுரத்து அம்மாவுக்குச் சொன்ன வழிதான் உங்களுக்கும், உங்களிடம் புத்தகமும் இல்லை என்பதால் வக்கீலை முதலிலேயே பாருங்கள். விலை கேட்டீர்கள். விற்பதாக நான்கு பேரிடம் பேசினால் வருகிற ஐந்தாவது ஆள் காக்கிச் சட்டையில் வருவார். பழைய ஆயுதம் பார்க்க ஆசை என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளோடு போங்கள், தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த வாளும் ஈட்டியும் பார்க்கலாம்.

கேள்வி: பட்டாளத்து ரிவால்வர் சிலவற்றில் குதிரைக்கு மேல் கட்டை விரல் வைக்கிற கொம்பே இல்லையே, உடைந்துபோனதா?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: உடையவில்லை, பிறக்கும்போதே இல்லை. அது என்ஃபீல்டு நம்பர் 2-ன் மார்க் 1 ஸ்டார், 1938-ல் வந்தது. போர் டாங்கிக்காரர்கள் டாங்கியில் ஏறி இறங்கும்போது கொம்பு எங்கேயாவது மாட்டிக்கொள்கிறது என்று வெட்டிவிட்டார்கள். துப்பாக்கி உடம்பின் வலப்பக்கம், சிலிண்டருக்குக் கீழே கிரீடமும் என்ஃபீல்டு என்ற பெயரும் அடியில் வருஷமும் இருக்கும். அந்த வருஷத்தை அப்படியே நம்பலாம், ராயபுரத்து 14 மாதிரி இல்லை.

துப்பாக்கி இத்தோடு போதும் என்று ஆசிரியருக்கும் எழுதிவிட்டேன், வீட்டம்மாவும் சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் சாவி தொலைந்த அந்தச் சுவர்க்கடிகாரத்துக்கு வருகிறேன். அதற்கு நடுவில் யாராவது பரணிலிருந்து ஒரு சிங்கர் மிஷினை இறக்கினால், அடித்தட்டில் இருக்கும் எண்ணைப் பட்டர் பேப்பரில் தேய்த்து அனுப்புங்கள்.